சூப்பர்வைசர் யாரிடம் கேட்பார்? ஆலைகளில் ஆலோசனை உதவிக்கும் வன்முறைத் தடுப்புக்கும் உள்ள மூன்று வழிகள்

கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் 300 முதல் 700 பேர் வரை வேலை செய்யும் நடுத்தர ஆலைகளில், மனநல ஆலோசனைக்கு ஓர் ஏற்பாடு வேண்டுமா என்ற கேள்வி இப்போது பெரிதாக எழுவதில்லை. எந்த ஏற்பாடு என்பதில்தான் நிர்வாகக் கூட்டங்கள் இழுபடுகின்றன. ஏற்றுமதி வாடிக்கையாளர்களின் தணிக்கைப் படிவங்களில் அதைப் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கியிருப்பது ஒரு காரணம். ஷிப்ட் முடிந்து வாசலில் நடக்கும் கைகலப்பு, போர்மேனுக்கு வரும் மிரட்டல், விடுதியில் குடித்துவிட்டுப் போடும் சண்டை ஆகியவற்றை மெமோவாலும் சஸ்பென்ஷனாலும் மட்டும் கட்டுப்படுத்த முடியவில்லை என்ற அனுபவம் மற்றொரு காரணம். மேசைக்கு வரும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று. பெருநகர நிறுவனம் ஒன்றோடு ஊழியர் உதவித் திட்டத்துக்கு, அதாவது இ.ஏ.பி.க்கு, ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது ஒன்று. ஆலைக்கென்றே ஓர் ஆலோசகரை முழுநேரமாகவோ வாரத்தில் சில நாட்களுக்கோ அமர்த்திக்கொள்வது இன்னொன்று. தனியாகச் செலவு செய்யாமல் அரசின் இலவசச் சேவைகளையும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையையும் நம்பி, நல அலுவலருக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி மட்டும் கொடுப்பது மூன்றாவது.

இவற்றைத் தலைக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கில் ஒப்பிடுவதே வழக்கம். என் கருத்தில் முதலில் வைக்க வேண்டிய அளவுகோல் வேறு. இரவு ஷிப்டில் ஒரு தொழிலாளியின் நடத்தையைக் கண்டு கலங்கிய சூப்பர்வைசர், அவரிடம் இப்போது என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று கேட்டால், சற்று நேரத்துக்குள் தமிழில் பதில் சொல்லும் விவரமறிந்த ஒருவர் எந்த ஏற்பாட்டில் கிடைப்பார்? தொழிலாளிக்கு ஆலோசனை தருவதைப் பற்றி எல்லாத் திட்டங்களும் பேசுகின்றன. மேலாளருக்கு ஆலோசனை தருவதைப் பற்றிப் பேசும் திட்டம் குறைவு. வன்முறையைத் தடுப்பதில் அதிகம் கைகொடுப்பது அந்தப் பகுதிதான்.

நம் ஆலைகளில் சூப்பர்வைசர் ஆகிறவர் பெரும்பாலும் எந்திரத்தை நன்றாக அறிந்தவர் என்பதற்காகவே அந்த இடத்துக்கு வந்தவர். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ படித்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் லைனில் நின்று, முப்பது நாற்பது பேருக்குப் பொறுப்பேற்றிருப்பார். மனிதர்களை நடத்துவது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். உற்பத்தி இலக்கு தவறினால் மேலிருந்து அவருக்குத் திட்டு விழும். அந்தத் திட்டு பல நேரம் அப்படியே கீழே இறங்கும். பல ஆண்டுகள் அமைதியாக வேலை பார்த்த ஒருவர் திடீரென்று சிடுசிடுக்கத் தொடங்கி, சொல்லாமல் லீவு போட்டு, குடித்த வாடையோடு வந்து, “வெளியே வா, பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் நிலைக்குப் போகும்போது, சூப்பர்வைசருக்குத் தெரிந்த வழிகள் இரண்டு: மெமோ கொடுப்பது, அல்லது பார்த்தும் பாராமல் இருப்பது. அவசரத்தில் கொடுத்த மெமோ பகையை வளர்க்கும். பார்த்தும் பாராமல் விட்டால், மிரட்டினால் காரியம் ஆகும் என்று லைனில் உள்ள மற்ற எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. தனியாக அழைத்து, குணத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ பேசாமல், கண்ணால் கண்ட நடத்தையை மட்டும் தேதியோடு எடுத்துச் சொல்லி, அது தொடர முடியாது என்பதையும் உதவி கிடைக்கும் என்பதையும் ஒரே உரையாடலில் தெரிவிப்பது அந்த வேலை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், பழக்கமில்லாதவர் செய்தால் அது அறிவுரையாகவோ வசவாகவோ முடிந்துவிடும். நல்ல ஆலோசகர் ஒருவர் கால் மணி நேரம் தொலைபேசியில் பேசி சூப்பர்வைசரை இதற்குத் தயார்படுத்த முடியும். அந்தத் தொழிலாளியை அவர் நேரில் பார்க்க வேண்டிய தேவைகூட இராது. அந்தப் பேச்சின்போதே இது நாட்பட்ட எரிச்சலா, உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய மிரட்டலா என்ற முதற்கட்ட மதிப்பீடும் நடந்துவிடும்.

எந்த வன்முறையை மனத்தில் வைத்து இந்த ஏற்பாட்டைச் செய்கிறோம் என்பதில் தெளிவு இல்லாவிட்டால் ஒப்பீடே தடம் மாறும். 2012 ஜூலை 18 அன்று மானேசர் மாருதி ஆலையில் காலையில் ஒரு சூப்பர்வைசருக்கும் தொழிலாளிக்கும் ஏற்பட்ட தகராறும் அதைத் தொடர்ந்த சஸ்பென்ஷனும், மாலைக்குள் கலவரமாகவும் தீயாகவும் முடிந்து, மனிதவளப் பொது மேலாளர் உயிரிழந்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2009 செப்டம்பரில், கோயம்புத்தூர் பிரிக்கால் ஆலையில் மனிதவளத் துணைத் தலைவர் தாக்கப்பட்டு இறந்தார். இரண்டு இடங்களிலும் பின்னணியில் சங்க அங்கீகாரம், நிரந்தரம், ஊதியம், பணிநீக்கம் என்று நீண்டகாலத் தொழில் தகராறு இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஆலோசகரை உட்காரவைத்து அமைதி வரும் என்று எதிர்பார்ப்பது வீண். நிர்வாகம் சங்கத்தோடு பேசுவதற்குப் பதிலாக ஆலோசகரை அனுப்புகிறது என்று தொழிலாளர்கள் கருதினால், பிறகு அந்த ஆலோசகரிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனாலும் மானேசர் நிகழ்வின் காலைப்பொழுது கவனிக்கத்தக்கது. ஒரு வாய்த்தகராறு நடந்த அதே நாளில், எந்த இடைவெளியும் இல்லாமல், தண்டனை வரை போயிருக்கிறது. அந்த இடைவெளியை உண்டாக்குவதற்குத்தான் மேலாளருக்கான ஆலோசனை வேண்டும்.

வெளியாளால் வரும் வன்முறைக்கும் ஆலோசனை மருந்தாகாது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு பேசப்பட்டவை வாசல் சோதனை, காவலர், அனுமதி அட்டை போன்றவையே. அதுவே சரியும்கூட.

மேலாளரே தாக்குபவராக இருக்கும் வன்முறைதான் பலரும் பேசத் தயங்குவது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அதன் விளைவாக 2022 ஏப்ரலில் உருவான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு நூற்பாலை மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆலை உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனமும், அங்கிருந்து ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களும் பங்கேற்றன. தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட கண்காணிப்பாளர்கள் உற்பத்திக் கூடத்திலேயே இருந்து, சூப்பர்வைசரின் வசவையும் சீண்டலையும் உடனுக்குடன் எடுத்துச் சொல்வது அந்த ஏற்பாட்டின் மையம். ஆலோசனைத் திட்டம் எதுவும் இந்த இடத்தை நிரப்பாது. தொழிலாளி மட்டுமே பிரச்சினை என்ற எண்ணத்தில் வாங்கப்படும் ஆலோசனைத் திட்டம் பாதி வேலையைக்கூடச் செய்யாது என்பதற்கு இது போதுமான சான்று.

அமெரிக்கத் தபால் துறையும் இந்த முடிவுக்கே வர வேண்டியிருந்தது. 1986 ஆகஸ்ட் 20 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் எட்மண்ட் நகரில் ஒரு தபால் ஊழியர், முந்தைய நாள் மேற்பார்வையாளர்களிடம் கண்டிப்பு வாங்கியிருந்த நிலையில், சக ஊழியர்கள் 14 பேரைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். 1991 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக் தபால் நிலையத்தில் நான்கு பேரைக் கொன்றவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டு, அதை எதிர்த்துச் செய்த முறையீட்டிலும் சில நாட்கள் முன்பு தோற்றுப்போனவர். 1992 பிப்ரவரியில் நிர்வாகமும் பல ஊழியர் சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை, எந்த மட்டத்தில் இருப்பவர் செய்தாலும் மிரட்டலையும் வன்முறையையும் அச்சுறுத்தி வேலை வாங்குவதையும் பொறுப்பதில்லை என்று கூறியது. 2019இல் ஜெனீவாவில் நிறைவேறிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையும் உடலுக்கு வரும் தீங்கோடு நிற்காமல், மனத்துக்கு வரும் தீங்கையும் மிரட்டலையும் வேலையிட வன்முறையின் வரையறைக்குள் வைக்கிறது.

இனி மூன்று வழிகளுக்கு வருவோம்.

இ.ஏ.பி. ஒப்பந்தத்தில் நிறுவனம் ஊழியர் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் செலுத்தும்; ஊழியரும் பெரும்பாலும் அவர் குடும்பத்தினரும் எந்நேரமும் தொலைபேசியிலோ செயலியிலோ ஆலோசகரை அழைக்கலாம்; ஒருவருக்கு ஆண்டில் சில அமர்வுகள் வரை இலவசம். குடிப்பழக்கத்தால் வேலை கெடும் ஊழியர்களுக்காக 1940களில் அமெரிக்கப் பெரு நிறுவனங்கள் தொடங்கிய திட்டங்களில் இதன் வேர் இருக்கிறது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வழியாகப் பரவியதால், அதன் வடிவமும் அந்த ஊழியர்களுக்கு ஏற்றதாக இருக்கிறது: தனி அறை, தனி கைபேசி, ஆங்கிலம் கலந்த பேச்சு, நேரம் குறித்துக்கொண்டு பேசும் பழக்கம். இதன் பெரிய பலம் தூரம். அழைத்தது யார் என்று ஆலைக்குள் ஒருவருக்கும் தெரியாது. தன் மேலதிகாரியைப் பற்றியே பேச வேண்டியிருக்கும் மேலாளருக்கும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பத்தைச் சேர்ந்தவருக்கும் இந்தத் தூரம் பெரிய ஆறுதல். நல்ல நிறுவனங்கள் மேலாளருக்கெனத் தனி இணைப்பும், விபத்தோ மரணமோ நேர்ந்தால் ஓரிரு நாளில் ஆலைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடும் வைத்திருக்கின்றன.

அதன் பலவீனமும் அதே தூரம்தான். எந்திரச் சத்தத்துக்கு நடுவே, கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே வரும் தொழிலாளிக்கு இருபத்துநான்கு மணி நேர எண் என்பது சுவரொட்டியில் உள்ள எண் மட்டுமே. மறுமுனையில் பேசுபவருக்கு ஸ்டேண்டிங் ஆர்டர் எனப்படும் ஆலையின் பணி, ஒழுங்கு விதிகள் என்றால் என்ன, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் உள்ள உரசல் என்ன, தீபாவளி போனஸ் நேரத்தில் லைனில் என்ன மனநிலை இருக்கும் என்று தெரியாவிட்டால், சூப்பர்வைசர் பின்னணியை விளக்கியே சோர்ந்துபோவார். இரண்டாவது முறை அழைக்க மாட்டார். கட்டணம் தலைக்கணக்கில் இருப்பதால், யாருமே அழைக்காத ஆண்டிலும் தொகை குறையாது. ஆண்டறிக்கையில் எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது, எத்தனை பேர் செயலியை இறக்கினார்கள் என்ற எண்ணிக்கை அழகாக அச்சிடப்பட்டு வரும். எத்தனை சூப்பர்வைசர்கள் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார்கள் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணைத் தர இயலாத நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதில் பொருள் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆலைக்குள் ஆலோசகர் என்ற இரண்டாவது வழியில் இந்தக் குறை தீர்கிறது. பதிலுக்கு வேறு குறைகள் வருகின்றன. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வருபவர், கேன்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடிப்பவர், ஷிப்ட் மாறும் நேரத்தில் லைனில் நடந்துபோகிறவர், ஆறு மாதத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அறிந்துகொள்வார். சூப்பர்வைசர் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. போகிற போக்கில், “அந்தத் தம்பியைக் கொஞ்சம் பாருங்க மேடம், ஒரு வாரமா சரியில்லை” என்று சொன்னால் போதும். பிரச்சினை முற்றுவதற்கு முன்னால் வரும் இந்த ஒரு வரித் தகவல், தொலைதூர இணைப்பில் ஒருபோதும் கிடைக்காது. மொழியிலும் அவர் ஊர்க்காரராக இருப்பார். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் அதிகமுள்ள ஆலையானால் இந்தி தெரிந்தவராகப் பார்த்து அமர்த்துவது நல்லது. 2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, திருப்பூர்ப் பக்கம் விடுதிகளில் பதற்றம் மூண்டு பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் நம்பும் ஒருவர் அவர்கள் மொழியில் உள்ளேயே இருந்திருந்தால் என்ன வேறுபாடு வந்திருக்கும் என்பதை அந்த நாட்களில் ஆலை நடத்தியவர்கள் அறிவார்கள்.

குறைகளில் முதலாவது நம்பிக்கை. அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். அவர் அறை எச்.ஆர். பக்கத்தில் இருந்தால், போகிறவர் யார் என்று ஆலை முழுவதும் தெரியும். முழுநேர ஊழியராக அமர்த்தினால் ஓராண்டுக்குள் அவரிடம் புதியவர்களுக்கான அறிமுகக் கூட்டம், மகளிர் தின விழா, வருகைப் பதிவு, கடைசியில் விசாரணைக் குறிப்பு எழுதுவது வரை எல்லா வேலையும் வந்து சேர்ந்துவிடும். இது நடக்காத ஆலையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இரண்டாவது குறை தகுதி. ஆலோசகர் என்று தன்னை அழைத்துக்கொள்ள நம் நாட்டில் பெரிய தடை எதுவும் இல்லை. சில வாரச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார், எம்.ஃபில். முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரும் அப்படித்தான் அறியப்படுகிறார். மனநல சமூகப் பணி படித்தவர் தொழிலாளர் சூழலுக்கு மிகவும் பொருந்துவார். ஆனால் அவருக்கு மேல், சிக்கலான நேரத்தில் கேட்பதற்கு ஒரு மனநல மருத்துவரோ மூத்த உளவியலாளரோ இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் தனியாளாக அமர்த்தப்படும் இளம் ஆலோசகரிடம் கொலை மிரட்டலை மதிப்பிடச் சொல்வது அவருக்கும் ஆபத்து, ஆலைக்கும் ஆபத்து.

மூன்றாவது வழியைப் பணமில்லாதவரின் வழி என்று ஒதுக்கிவிடுவது தவறு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண் நாள் முழுவதும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகளும், 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற குடிநோய்ச் சிகிச்சை மையங்களும் பல பத்தாண்டு அனுபவம் உள்ளவை. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. தீவிர மனநோயானால் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 80 சதவீதம் வரை நீண்ட காலத்துக்குப் பெற வழியுண்டு. இந்தப் பயன் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் வேலையை விட்டுப் போகிறவர்கள் பலர். ஏற்கெனவே மாதாமாதம் பங்களிப்புக் கட்டிக்கொண்டிருக்கும் ஆலை, அதைப் பயன்படுத்தாமல் வேறு எங்கோ பணம் கொடுப்பதில் நியாயம் இல்லை.

ஆனால் நாம் முதலில் வைத்த அளவுகோலில் இந்த வழி தோற்கிறது. உச்சவரம்புக்கு மேல் ஊதியம் வாங்கும் சூப்பர்வைசரும் மேலாளரும் இ.எஸ்.ஐ.க்குள் வருவதில்லை. 14416 தன் மனம் சரியில்லாதவருக்கான எண். தன் கீழ் வேலை செய்பவரை நாளைக் காலை எப்படி எதிர்கொள்வது என்று கேட்பவருக்காக அது அமைக்கப்படவில்லை. எனவே சுமை முழுவதும் நல அலுவலர் மேல் விழும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைக்கு நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. பதவி இருந்தாலும், பேருந்து, கேன்டீன், விடுதி, சங்கப் பேச்சு எல்லாவற்றையும் பார்க்கும் ஒருவர், சூப்பர்வைசரின் கூச்சத்தைப் போக்கி உட்கார்ந்து கேட்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். அவரே உள்விசாரணையில் நிர்வாகத் தரப்பில் நிற்கவும் நேர்வதால், தொழிலாளியும் அவரிடம் மனம் திறக்கத் தயங்குவார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சட்டம் சில எல்லைகளைப் போட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தைக் காக்கிறது. வேறொருவருக்குத் தீங்கு நேராமல் தடுக்கத் தேவையானபோது, அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் தகவல் சொல்லலாம் என்று விலக்கும் தருகிறது. ஆலோசகர் தன்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே இதைச் சொல்ல வேண்டும்; எந்த நிலை வந்தால், ஆலையில் யாரிடம், எந்த அளவுக்குச் சொல்வார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எச்.ஆர். மேலாளர், “நேற்று வந்தவன் என்ன சொன்னான்?” என்று ஒரே ஒரு முறை கேட்டு, ஆலோசகர் பதிலும் சொல்லிவிட்டால், செய்த செலவு எல்லாம் வீண். பாலியல் தொந்தரவுப் புகாரும் ஆலோசனை அறையில் முடிய வேண்டியது அன்று. பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும், அதுவும் பணம் கைமாறாமல். ‘பேசி முடித்துவைக்கும்’ ஆலோசகர் நல்லெண்ணத்தோடு செய்தாலும் அந்தப் பெண்ணின் உரிமையைப் பறிக்கிறார்.

ஒப்பீட்டில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது பணிநீக்கம், சஸ்பென்ஷன் நாட்கள். ராயல் ஓக், மானேசர், கோயம்புத்தூர் நிகழ்வுகள் எல்லாவற்றிலும் வேலை போனதோ போகப்போவதோ எங்கோ இருந்தது. சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாட்கள் பாதி ஊதியம் பிழைப்பூதியமாகக் கிடைக்கும். கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் பாதியாகக் குறைவதில்லை. அந்த நாட்களில் அவருக்கு ஆலை வாசல் மூடியிருக்கும், கூடவே ஆலைக்குள் இருக்கும் ஆலோசகரின் கதவும் மூடிவிடும். இந்த ஓர் இடத்தில் இ.ஏ.பி.யின் தொலைபேசி இணைப்பு உள்ளூர் ஆலோசகரை வென்றுவிடுகிறது, ஒப்பந்தத்தில் சஸ்பென்ஷன் காலத்துக்கும் பணிநீக்கத்துக்குப் பின் சில மாதங்களுக்கும் சேவை நீடிக்கும் என்று எழுதியிருந்தால். உள்ளூர் ஆலோசகரை அமர்த்தும் ஆலை, அவர் அந்த நாட்களில் தன் மருத்துவமனையிலோ வேறு பொது இடத்திலோ அந்தத் தொழிலாளியைச் சந்திக்க வழி செய்து, அதற்கான கட்டணத்தையும் தானே ஏற்க வேண்டும். கடிதத்தை யார் கொடுப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது, ஷிப்ட் நடுவில் எல்லோர் முன்னாலும் கொடுக்கலாமா என்பனவற்றை அந்த மேலாளர் முந்தைய நாளே ஆலோசகரோடு பேசிவிடுவதும் நல்லது.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், 300 முதல் 700 பேர் வரை உள்ள உற்பத்தி ஆலைக்கு, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வரும் உள்ளூர் ஆலோசகரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஆனால் அவரை ஆலையின் ஊழியராக ஆக்காமல், அருகிலுள்ள மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது மனநல சமூகப் பணித் துறை உள்ள கல்லூரி வழியாக ஒப்பந்தத்தில் கொண்டுவர வேண்டும். அப்போது அவருக்கு மேலே கேட்க ஒரு மூத்தவர் இருப்பார், வருகைப் பதிவு வேலையை அவர் தலையில் கட்டவும் முடியாது, அவர் எழுதும் குறிப்புகளும் ஆலைக்கு வெளியே இருக்கும். அவர் வராத நாட்களிலும் இரவிலும் சூப்பர்வைசர்கள் அழைக்க ஓர் எண்ணை அந்த மருத்துவமனையே தர வேண்டும். அதைத் தர முடியாத இடத்தோடு ஒப்பந்தம் வேண்டாம். 14416 எண்ணும் இ.எஸ்.ஐ. வழிகளும் எல்லா ஆலையிலும் கூடவே இருக்க வேண்டியவை. தனி வழியாக எண்ணத்தக்கவை அல்ல.

நூறு பேருக்குள் உள்ள பட்டறைக்கு இது கட்டுப்படியாகாது. அங்கே மூன்றாவது வழிதான் நடைமுறை. உரிமையாளரே எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில், அவரும் இரண்டு சூப்பர்வைசர்களும் பயிற்சி பெறுவதும், ஒரே தொழிற்பேட்டையில் உள்ள சில பட்டறைகள் சேர்ந்து ஒரு ஆலோசகரைப் பகிர்ந்துகொள்வதும் போதும். பல ஊர்களில் கிளைகள் உள்ள நிறுவனத்துக்கும், கணினி முன் வேலை செய்யும் அலுவலகத்துக்கும் இ.ஏ.பி. பொருத்தம். நீண்ட தொழில் தகராறு நடந்துகொண்டிருக்கும் ஆலை மூன்றில் எதையும் இப்போது தொடங்க வேண்டாம் என்பேன். முதலில் சங்கத்தோடு உட்கார்ந்து பேசட்டும், பிறகு ஆலோசகரைத் தேர்வதில் சங்கத்துக்கும் ஒரு குரல் தரட்டும்.

ஆலோசகரைத் தவிர, நான்கைந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவும் தேவை: ஆலை மேலாளர், எச்.ஆர்., பாதுகாப்பு அதிகாரி, தொழிலாளர் பிரதிநிதி ஒருவர், ஆலோசகர் அனுப்பும் மூத்த உளவியலாளர். ‘வெட்டுவேன்’, ‘குத்துவேன்’ என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும், சொன்னவர் சூப்பர்வைசராக இருந்தாலும், அந்த நாளே இந்தக் குழு கூடி, கோபத்தில் வந்த சொல்லா, ஆளையும் நேரத்தையும் குறித்துத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதா, ஆயுதம் எதுவும் கண்ணில் பட்டதா, வீட்டில் அண்மையில் என்ன நடந்தது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். குற்றமுறு மிரட்டல், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். காவல்துறைக்குப் போக வேண்டிய மிரட்டலை ஆலோசனைக்கு அனுப்பி மூடிவைப்பது, மிரட்டப்பட்டவருக்குச் செய்யும் துரோகம்.

ஒப்பந்தத்தை முதலில் ஓராண்டுக்கு மட்டும் போடலாம். ஆண்டு முடிவில் எத்தனை தொழிலாளர்கள் அனுப்பிவைக்கப்பட்டார்கள் என்பதைவிட, எத்தனை சூப்பர்வைசர்கள் தாங்களாகவே பேச வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தங்கள் சொந்த நடத்தையைப் பற்றிப் பேச வந்தார்கள் என்ற இரண்டு எண்களை, பெயர் எதுவும் இல்லாமல், ஆலோசகரிடம் கேட்டு வாங்க வேண்டும். அனுப்பப்பட்டவர்கள் மட்டும் அதிகமாகவும், தானாக வந்தவர்கள் ஒருவரும் இல்லாமலும் இருந்தால், அந்த அறையை ஆலை தண்டனை அறையாகப் பார்க்கிறது என்று பொருள். அப்போது ஆலோசகரை மாற்றுவதற்கு முன்னால், அவரிடம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும் மேலாளர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.